மரத்தடி நிழலுக்கு எது: மாண்டோ புல்லா, வெடேலியாவா?

புல்தரை எத்தனை முறை போட்டாலும் மரத்தடி மட்டும் சொட்டையாகவே கிடக்கும். புல்லைக் குறை சொல்லிப் பயனில்லை, அதற்கு வெயில் வேண்டும். நிழலைத் தாங்கி, ஆண்டு முழுக்கப் பச்சையாக இருந்து, வருடா வருடம் மறுநடவு கேட்காத செடி என்று நர்சரியில் விசாரித்தால் பெரும்பாலும் இந்த இரண்டையும் காட்டுவார்கள்.

மஞ்சள் பூப் பூத்துத் தரையில் படரும் வெடேலியாவுக்கு அவசரம் அதிகம். தண்டு தரையில் படும் இடமெல்லாம் கணுவுக்குக் கணு வேர்விடும். நாலைந்து துண்டு நட்டாலே போதும், பாத்தி நிறைந்துவிடும். ஆனால் அந்த மஞ்சள் பூவெல்லாம் வெயிலில்தான். அடர்ந்த நிழலில் கணு இடைவெளி நீண்டு, இலை குறைந்து, தண்டு மட்டும் வெளிச்சத்தைத் தேடி ஓடும். அதைவிடப் பெரிய தலைவலி அதை அடக்குவது. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு. வெட்டிய தண்டை வாய்க்கால் ஓரம் வீசினால் அங்கேயும் பிடித்துக்கொள்ளும்.

மாண்டோ பெயரில்தான் புல். உண்மையில் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம், பூர்வீகம் கிழக்கு ஆசியா. சாதாரண வகை ஒரு சாண் உயரம் வரும். குட்டை வகை 10 செ.மீ. உயரத்துக்குள்ளேயே நின்றுவிடும். கத்தரிக்கும் வேலையே இல்லை. குறை ஒன்றுதான்: மகா சோம்பேறி. 15 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 44 செடி பிடிக்கும். அப்படி நட்டும் தரை முழுசாக மூட ஓராண்டுக்கு மேல் ஆகும். அதுவரை களையை நாம்தான் பிடுங்க வேண்டும்.

செலவைக் குறைக்க வழி இருக்கிறது. நன்றாகத் தூர் கட்டிய தொட்டிச் செடியாகப் பார்த்து வாங்கி, மண்ணை உதறிவிட்டு, அடியைப் பிடித்து மெல்லப் பிரியுங்கள். வேரில் ஆங்காங்கே சிறு வெள்ளைக் கிழங்குகள் தெரியும், அவை அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று தளிர் கொண்ட துண்டு ஒவ்வொன்றும் ஒரு செடி. குருத்து மண்ணுக்குள் புதையக் கூடாது, புதைந்தால் அழுகும். மர வேர்கள் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்பதால் முதல் கோடை தாண்டும்வரை நீர் தவறக் கூடாது.

ஸ்பைடர் பிளான்ட்டையும் மரத்தடியில் விடலாம். குட்டிச் செடிகளைத் தானே தள்ளிப் பரவும், நாய், பூனை கடித்தாலும் நஞ்சில்லை. உறைபனி மட்டும் ஆகாது. மணி பிளான்ட் வேண்டவே வேண்டாம், மரத்தைக் கண்டால் தரையை மறந்து மேலே ஏறிவிடும்.

என் ஓட்டு மாண்டோவுக்கு. சுற்றிலும் சிமென்ட் நடைபாதை, நாலு மணி நேரமாவது வெயில், மாதாமாதம் கத்தரியோடு வர ஓர் ஆள், இத்தனையும் இருந்தால் வெடேலியா வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே பாத்தியில் மட்டும் நட வேண்டாம், மாண்டோவை ஒரே மழைக்காலத்தில் வெடேலியா மூடிவிடும். ஆட்கள் குறுக்கே நடக்கும் இடமாக இருந்தால் எதுவும் தாங்காது. அங்கே நாலு கல்லைப் பதித்துவிட்டு, இடுக்கில் குட்டை மாண்டோவைச் செருகுங்கள்.