சிங்கப்பூர் பயணம்: ஃபாரெக்ஸ் கார்டா, கிரெடிட் கார்டா?

ஐந்து நாள் பயணத்துக்கு மொத்தப் பணத்தையும் நோட்டாகத் தூக்கிக்கொண்டு போவதைப் பேச்சிலேயே சேர்க்கவில்லை. போட்டி, சிங்கப்பூர் வெள்ளி (அதாவது சிங்கப்பூர் டாலர்) முன்கூட்டியே ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டுக்கும் கையில் இருக்கும் கிரெடிட் கார்டுக்கும்தான். என் ஓட்டு ஃபாரெக்ஸுக்கு.

கிரெடிட் கார்டின் கணக்கு எளிது. பல கார்டுகளில் மார்க்அப், அதாவது வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி போடும் கூடுதல் கட்டணம், 3.5%, அதன்மேல் 18% ஜிஎஸ்டி. சேர்த்து 4.13%. லட்ச ரூபாய்க்குத் தேய்த்தால் 4,130 ரூபாய் அதிகம். மார்க்அப்பே இல்லாத கார்டு வைத்திருப்பவர் தாராளமாக அதையே கொண்டுபோகலாம்.

ஃபாரெக்ஸ் கார்டில் செலவு ரேட்டுக்குள் ஒளிந்திருக்கும். அதனால் "என்ன ரேட்" என்று கேட்காதீர்கள். கார்டு கட்டணம், வரி எல்லாம் சேர்த்து 1,000 வெள்ளிக்கு மொத்தம் எத்தனை ரூபாய் என்று கேட்டு, அன்றைய சந்தை விலையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஃபாரெக்ஸ் லாபம். ஏற்றுவது வெள்ளியாகவே இருக்கட்டும். அமெரிக்க டாலர் ஏற்றிய கார்டை அங்கே தேய்த்தால் டாலரை வெள்ளியாக மாற்றுவதற்கான கிராஸ் கரன்சி கட்டணம் விழும்.

இந்த லாபத்தைத் தின்பது மிச்சப் பணம்தான். ஏற்றும்போது கார்டு தருபவர்கள் விற்கும் விலை, திருப்பும்போது வாங்கும் விலை; இரண்டு பக்கமும் அடி. அப்படியே விட்டுவைத்தால் சில கார்டுகளில் பயன்படுத்தாததற்கும் கட்டணம் பிடிப்பார்கள். ஆகவே மதிப்பிட்ட செலவில் முக்கால் பங்கு மட்டும் ஏற்றுங்கள். போதாவிட்டால் ரீலோட் செய்யலாம், ஆனால் பல வங்கிகளில் அது வேலை நாளில்தான் நடக்கும்; வெள்ளிக்கிழமை இரவு கேட்டால் திங்கள்வரை காத்திருக்க வேண்டிவரும். கடைசி நாள் ஹோட்டல் பில்லை இரண்டாகப் பிரித்து, ஃபாரெக்ஸில் இருப்பதைத் துடைத்துவிட்டு மீதியை மற்ற கார்டில் கட்டுவது நல்ல வழி.

கிரெடிட் கார்டு ஜெயிக்கும் இடம் ஹோட்டல் டெபாசிட். அதில் பிடித்துவைப்பது லிமிட்டை மட்டும். ஃபாரெக்ஸில் கொடுத்தால் உங்கள் சொந்தப் பணமே முடங்கும். ஊர் திரும்பிய பிறகுதான் விடுபட்டாலும் ஆச்சரியமில்லை.

எந்தக் கார்டானாலும் மெஷின் "ரூபாயா, வெள்ளியா" என்று கேட்டால் வெள்ளியை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் கடைக்காரரின் வங்கி வைத்ததே ரேட். வெள்ளி ஏற்றிய கார்டுக்கு வீணாக இரண்டு முறை நாணயம் மாறும்.

எம்ஆர்டி மெட்ரோ ரயிலில் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டைத் தட்டியே ஏறலாம். தினசரி 60 சிங்கப்பூர் சென்ட் கூடுதல், ஆளுக்கொரு கார்டு வேண்டும். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்கும் உணவங்காடிக் கடைகளுக்கும் 150 வெள்ளி ரொக்கம் இருக்கட்டும்.

மாதக்கணக்கில் தங்குபவருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது; அங்கே வங்கிக் கணக்கு திறப்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

கிளம்புமுன் இரண்டு கார்டிலும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தட்டிக் கட்டும் வசதியையும் ஆப்பில் திறந்துவிடுங்கள். ஓடிபி வரும் இந்திய சிம்மைப் போனிலிருந்து கழற்ற வேண்டாம்.