முதல் புரோகிராம்: ஆமை வரையட்டுமா, கணக்குப் போடட்டுமா?

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரோகிராமிங் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், ஆயத்தொலை வடிவியல் என்பேன்: புள்ளிகளை எக்ஸ், ஒய் எண்களால் குறித்துப் போடும் கணக்கு. பாடம் ஏற்கெனவே அவர்கள் பையில் இருக்கிறது. தமிழ்நாடு பாடநூலில் ஒன்பதாம் வகுப்பில் தொலைவு, நடுப்புள்ளி. பத்தாம் வகுப்பில் முக்கோணப் பரப்பு, சாய்வு. நோட்டில் போட்டுச் சரிபார்க்கத் தெரிந்த கணக்கைத்தான் முதலில் கம்ப்யூட்டரிடம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் வருவதெல்லாம் வேதவாக்கு ஆகிவிடும்.

எந்தக் கருவியில் என்பதில்தான் சண்டை.

திரையில் வடிவியல் வரையும் ஜியோஜீப்ராவை முதலிலேயே தள்ளி வைக்கிறேன். அருமையான கருவிதான். ஆனால் இரண்டு புள்ளி வைத்தால் தொலைவை அதுவே சொல்லிவிடும். பிள்ளை எழுத என்ன மிச்சம்? கட்டளைக் கட்டைகளைச் செருகிப் புரோகிராம் செய்யும் ஸ்கிராட்ச் ஆறு, ஏழாம் வகுப்புக்குச் சரி. அதன் மேடையே ஒரு தளம்: எக்ஸ் -240 முதல் 240 வரை, ஒய் -180 முதல் 180 வரை. ஆனால் வர்க்கமூலத்துக்குள் கூட்டல், கூட்டலுக்குள் பெருக்கல் என்று கட்டைகளைச் செருக ஆரம்பித்தால் சூத்திரமே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

மிஞ்சுவது இரண்டு, இரண்டும் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில்: சொன்னபடி திரையில் கோடு இழுத்துக்கொண்டே நகரும் 'ஆமை'யை ஓட்டுவது, வெறும் எண்களாகக் கணக்குப் போடுவது.

ஆமைக்கு நல்ல பரம்பரை உண்டு. கணித அறிஞர் சீமோர் பேப்பர்ட்டும் கூட்டாளிகளும் 1967-இல் உருவாக்கிய லோகோ மொழியோடு பேர் வாங்கியது அது. பைத்தானோடு இலவசமாகவே வருகிறது, நெட் வேண்டாம். 100 அடி முன்னே போ, 90 பாகை திரும்பு, இதை நான்கு முறை செய் என்றால் சதுரம். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப் என்றால் என்ன என்று தனியாக விளக்கவே வேண்டியதில்லை. ஆனால் கவனியுங்கள், இதில் ஆயத்தொலைவே இல்லை! ஆமைக்குத் தெரிந்தது தன் முன்பக்கமும் திரும்பும் கோணமும் மட்டும். சரி, இந்தப் புள்ளிக்குப் போ என்று எக்ஸ், ஒய் கொடுத்து ஓட்டலாமே என்றால் ஓட்டலாம். அப்போது அந்த லூப் காணாமல் போய், நான்கு புள்ளிக்கு நான்கு வரி என்று ஆகிவிடும். ஒன்று கிடைத்தால் இன்னொன்று கை நழுவுகிறது.

கணக்கு வழியில் அப்படி இல்லை. நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். ஊட்டி ரயில் நிலையம் ஆதிப்புள்ளி, ஓர் அலகு ஒரு கிலோமீட்டர். தோராயமாகக் குன்னூர் (11, -7), கோத்தகிரி (18, 2), மேட்டுப்பாளையம் (26, -12). ஊட்டியிலிருந்து குன்னூருக்குத் தொலைவு 13 கி.மீ. என்று வரும். மலை ரயிலில் போனால் 19 கி.மீ. பக்கம் ஆகுமே என்று ஒரு பிள்ளையாவது கேட்கும், கேட்கவேண்டும். அடுத்து மூன்று ஊர்களுக்கும் ஒன்றுக்கொன்று தொலைவு கேளுங்கள். ஒரே சூத்திரத்தை மூன்று தடவை அடிக்க அலுத்துப்போய், ஒரு தடவை எழுதிப் பெயர் வைத்துவிட்டு வேண்டும்போது கூப்பிடும் ஃபங்ஷனை அவர்களே கேட்பார்கள்.

இப்படி இருந்தால் இதைச் செய் என்று சொல்லும் இஃப் இன்னும் சுலபமாக வந்துசேரும். (18, 2), (18, 9) இரண்டுக்கும் சாய்வு கேட்டால், பூச்சியத்தால் வகுக்க முடியாது என்று பைத்தான் பாதியில் நின்றுவிடும். இரண்டு எக்ஸும் சமமா என்று முதலில் பார்க்க இஃப் வேண்டும். செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை என்று மனப்பாடம் செய்த வரிக்கு அன்றைக்குத்தான் உயிர் வரும்.

சாய்வுக்கு மலை ரயிலை விட நல்ல உதாரணம் கிடையாது. மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரம், ஊட்டி 2,203 மீட்டர், தண்டவாளம் 46 கி.மீ. வகுத்தால் ஏறக்குறைய 25-க்கு 1. ஆனால் பல்சக்கரம் பிடித்து ஏறும் கல்லாறு - குன்னூர் பகுதியில் ஏற்றம் 12-க்கு 1 வரை போகிறது. இரண்டு முனைகளை மட்டும் பார்த்தால் சராசரிதான் தெரியும். நிலையம் நிலையமாகப் பார்க்க, உயரங்களை வரிசையாக வைக்கும் லிஸ்ட் வேண்டும், லூப் வேண்டும்.

இதே கணக்கைச் சி பிளஸ் பிளஸ் மொழியில் ஆரம்பிக்கலாமே, பதினொன்றாம் வகுப்பில் அதுதானே வருகிறது என்பார்கள். வேண்டாம். ஊட்டி - குன்னூர் கோட்டின் சாய்வு -7/11. இரண்டையும் முழு எண்ணாக வைத்து வகுத்தால் சி பிளஸ் பிளஸ் பின்னத்தை வெட்டிவிட்டு 0 என்று சொல்லும். கிடைக்கோடு என்று பிள்ளை எழுதிவிடும். பன்னிரண்டில் பைத்தான்தான் பாடம்; அதையே முன்கூட்டித் தொட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும்?

பைத்தானும் உத்தமன் இல்லை. (0, 0), (0.1, 0.3), (1, 3) மூன்றும் ஒரே கோட்டில் உள்ளன. சாய்வுகளை ஒப்பிட்டால் ஒன்று 3.0, இன்னொன்று 2.9999999999999996. சமம் இல்லை என்று சொல்லிவிடும். தசமத்தைப் பத்தால் பெருக்கி முழு எண்ணாக்கிக் கொடுப்பதே இந்த வயதுக்குப் போதும்.

கணக்கு வழி தோற்கும் இடம் பரப்பளவு. பரப்பளவுச் சூத்திரத்துக்கு ஊட்டி, குன்னூர், மேட்டுப்பாளையம், கோத்தகிரி என்று வரிசையாகக் கொடுத்தால் நாற்கரம் 159 சதுர கி.மீ. கடைசி இரண்டு ஊர்களை மாற்றிக் கொடுத்தால் -60 வரும். கழித்தல் குறியை நீக்கி 60 என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆனால் அதே புள்ளிகளை அதே வரிசையில் ஆமைக்குக் கொடுத்தால் கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்வது பளிச்சென்று தெரிந்துவிடும்.

அதனால் என் வரிசை இது: நோட்டில் ஒரு தடவை, பைத்தானில் கணக்காக ஒரு தடவை, அப்புறம் ஆமை. வீட்டில் அம்மாவின் போன் மட்டும்தான் என்றால் முதல் இரண்டோடு நிறுத்தலாம். எண்ணை மட்டும் காட்டும் புரோகிராமுக்கு நெட் இல்லாமல் ஓடும் ஒரு பைத்தான் ஆப் போதும். ஆமைக்குப் பதில் வரைபடத்தாள்.