கல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸ்: காபிக்காகப் போகாதீர்கள்

முதலில் காபி விஷயத்தை முடித்துவிடலாம். டவரா செட், டிகிரி காபி என்று பழகிய நாக்கோடு போனால் பால் காபி ரொம்ப சுமார்தான். 'இன்ஃப்யூஷன்' என்று கேட்டால் பால் சேர்க்காத கறுப்புக் காபி வரும், அங்கே பாதிப் பேர் அதை ஒரு கப் வாங்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது க்ரீம் போட்ட கோல்டு காபி. ஆனால் இதை வைத்து அந்த இடத்துக்கு மார்க் போட்டால் தப்பாகிவிடும்.

இடம் பங்கிம் சாட்டர்ஜி தெருவில், பிரெசிடென்சி பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிடு தூரம். புத்தகக் கடைகளுக்கு நடுவே அழுக்கேறிய படிக்கட்டு ஒன்று இருக்கும், இதுதானா என்று சந்தேகம் வரும், இதேதான், ஏறுங்கள். மேலே திடீரென்று பெரிய ஹால், ரொம்ப உயரத்தில் கூரை, அதிலிருந்து நீளக் கம்பிகளில் தொங்கும் மின்விசிறிகள், சுவரில் தாகூர் படம், விசிறி மடிப்புத் தலைப்பாகையும் வெள்ளைச் சீருடையுமாகப் பரிமாறுகிறவர்கள். இன்னும் ஒரு மாடி ஏறினால் பால்கனி. அங்கே இடம் கிடைத்தால் விடாதீர்கள், கீழே நடக்கும் சண்டை, காதல், கட்சி அரசியல் எல்லாம் அங்கிருந்து தெரியும்.

பிரெசிடென்சி 1817இல் இந்து கல்லூரியாகத் தொடங்கி, 1855இல் அரசுக் கல்லூரியாகி, 2010இல் பல்கலைக்கழகமானது. டெரோசியோ என்ற இளம் ஆசிரியர் மாணவர்களை எதையும் கேள்வி கேட்கத் தூண்டினார் என்பதற்காக 1831இல் வெளியேற்றப்பட்டது அங்கேதான், அப்போது அவருக்கு 22 வயதுதான். 1916இல் ஓட்டன் என்ற பேராசிரியர் தாக்கப்பட்ட விவகாரத்தில் சுபாஷ் சந்திர போஸ் நீக்கப்பட்டதும் அதே கல்லூரியில்தான். சத்யஜித் ராயும் அமர்த்திய சென்னும் அங்கே படித்தவர்கள். அடுத்தாற்போலவே 1857இல் தொடங்கிய கல்கத்தா பல்கலைக்கழகம். நம்ம ஊர் சி.வி. ராமன் அரசு வேலையை விட்டுவிட்டு 1917இல் பேராசிரியராகச் சேர்ந்தது இந்தப் பல்கலைக்கழகத்தில்தான்.

ஆனால் வாசலில் காவலாளி இருக்கும் வளாகத்துக்குள் நம்மைப் போன்ற வெளியாள் நினைத்த நேரத்தில் போய் உலாத்த முடியாது. காபி ஹவுஸுக்குள் போகலாம், நான் இதைச் சிபாரிசு செய்வதே அதற்காகத்தான். அந்தக் கல்லூரிகளின் வகுப்பறைக்கு வெளியே நடந்த பாதி வாழ்க்கை இங்கே நடந்திருக்கிறது, இப்போதும் நடக்கிறது. கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆல்பர்ட் ஹால், 1942இல் அரசு அமைப்பான காபி போர்டு அதில் காபிக் கடை திறந்தது. 1958இல் இழுத்து மூடியபோது, பிரெசிடென்சி, பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அரசுக்கு மனுக் கொடுத்துத் திரும்பத் திறக்க வைத்தார்கள். வாத்தியார்கள் சேர்ந்து ஒரு காபிக் கடையைக் காப்பாற்றிய கதை வேறு எங்காவது உண்டா? அப்புறம் தொழிலாளர் கூட்டுறவு சங்கமே நடத்த ஆரம்பித்தது. காலி கப்போடு உட்கார்ந்திருந்தாலும் பில்லை நீட்டி எழுப்பிவிடாத குணம் அதனால் வந்ததோ என்னவோ.

சாப்பிட என்றால் சிக்கன் கபிராஜி, யோசிக்கவே வேண்டாம். கட்லெட்டை அடித்த முட்டையில் தோய்த்து எண்ணெயில் விடும்போது மேலே தெளிக்கிற முட்டை நூல் நூலாகப் பொரிந்து சுற்றிலும் ஒரு வலை மாதிரி நிற்கும். சூடாக வந்தவுடன் முள்கரண்டியால் ஓரத்தை உடையுங்கள், மொறுமொறுவென்று உதிரும். ஆறினால் எண்ணெய் தலைகாட்டிவிடும், அதனால் போட்டோவெல்லாம் அப்புறம். சைவக்காரர்களுக்குத் தேர்வு குறைவு. விலை மாணவர் பாக்கெட்டுக்குத் தகுந்தது.

குறை என்றால் சத்தம். எதிரில் இருப்பவர் பேசுவது கேட்கக் குனிய வேண்டும். மாலையில் கல்லூரி விட்டதும் போனால் யார் எழுந்திருப்பார்கள் என்று நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான், கல்யாணப் பந்தி மாதிரி. குடும்பத்தோடு அமைதியாகச் சாப்பிட நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது. தனியாகவோ, வாயாடும் நண்பன் ஒருவனோடோ மதியம் போவது உத்தமம்.

வரும் வழியில் பழைய புத்தகக் கடைகளில் பேரம் பேசத் தயங்காதீர்கள். அப்படியே காலேஜ் ஸ்கொயர் பக்கம் நடந்தால் 1918இல் தொடங்கிய பாரமவுண்ட் சர்பத் கடை வரும். வழுக்கை போட்ட இளநீர் சர்பத் கேளுங்கள், அதன் செய்முறையைச் சொல்லிக்கொடுத்தவர் பிரெசிடென்சியில் வேதியியல் பாடம் நடத்திய பிரபுல்ல சந்திர ராய் என்று சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்தப் பக்கம் திட்டம் போட வேண்டாம், புத்தகக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும்.