இலையைப் பார்ப்பதா, பிஎச் அளப்பதா?

2018 அக்டோபர் 17 முதல் கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் ஒரு வீட்டில் 4 கஞ்சாச் செடிகள் வரை சட்டப்படி வளர்க்கலாம். அவற்றின் இலை மஞ்சளாகும்போது காரணத்தை அறிய இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, இலையை வாசிப்பது. தழைச்சத்தும் (நைட்ரஜன்) மெக்னீசியமும் செடிக்குள் இடம்பெயரக்கூடியவை என்பதால், அவை குறையும்போது செடி முதிர்ந்த கீழ் இலைகளிலிருந்து அவற்றை எடுத்துத் தளிருக்கு அனுப்புகிறது. தழைச்சத்துக் குறைவில் கீழ் இலை முழுவதும் வெளுக்கும். மெக்னீசியக் குறைவில் நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகும். இரும்புச்சத்து அவ்வாறு இடம்பெயராததால், அதன் குறைவு தளிரிலேயே தெரியும். இதற்குச் செலவில்லை, ஆனால் எந்தச் சத்து எட்டவில்லை என்பதைச் சொல்லும் இலை, ஏன் எட்டவில்லை என்பதைச் சொல்வதில்லை.

இரண்டாவது, வேர்ப்பகுதியின் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவை, அளப்பது. மண்ணில் அது ஏறத்தாழ 6 முதல் 7 வரையிலும், தென்னைநார்க் கழிவில் 5.5 முதல் 6.5 வரையிலும் இருக்க வேண்டும். அளவு 7ஐத் தாண்டினால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதைப் போதிய அளவு உறிஞ்ச முடியாது; அந்நிலையில் மேலும் உரமிடுவது உப்பைச் சேர்த்து நுனிகளைக் கருக்கிவிடும். கருவியை அவ்வப்போது சரிபார்க்காவிட்டால் அதுவும் தவறாகக் காட்டும்.

உரத்தைத் தொடுவதற்கு முன் பிஎச் அளப்பதையே நான் வலியுறுத்துவேன். பூப்பின் இறுதி வாரங்களில் மட்டும் கீழ் இலைகள் மஞ்சளாவது இயல்பே.