பி25 பொடி: அளவுகோலாக வாங்கலாம், எரிபொருளுக்காக வேண்டாம்

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரைக்கும் உள்ள கல்லூரி ஆய்வகங்களில் ஒளிவினையூக்கி (ஒளி பட்டால் வேதிவினையைத் தூண்டும் பொருள்) என்று பேச்சு எடுத்தாலே எல்லோரும் முதலில் வாங்குவது பி25 டைட்டானியம் டை ஆக்ஸைடுதான். கார்பன் டை ஆக்ஸைடை ஒளியால் கார்பன் மோனாக்ஸைடாகவோ மீத்தேனாகவோ மாற்றும் வேலைக்கு இந்தப் பொடி எவ்வளவு தேறும் என்பதுதான் இங்கே பேச்சு.

முன்பு டெகூசா, இப்போது எவோனிக் என்ற நிறுவனப் பெயரில் இந்தப் பொடி வருகிறது. டைட்டானியம் டெட்ராகுளோரைடைச் சுடரில் செலுத்தித் தயாரிக்கிறார்கள். துகள் சுமார் 21 நானோமீட்டர், பரப்பு கிராமுக்கு 50 சதுர மீட்டர் அளவில், அதன் இரு படிக வடிவங்களான அனடேஸும் ரூட்டைலும் ஏறத்தாழ 80க்கு 20. அனடேஸ், ரூட்டைல் விகிதம் டப்பாவுக்கு டப்பா சற்று மாறலாம், மற்றபடி எல்லோர் கையிலும் இருப்பது ஏறத்தாழ ஒரே பொடி. இதன் பெரிய பலமே அதுதான். உலகம் முழுக்க இதை ஒப்பீட்டுக்கு வைப்பதால், உங்கள் ரியாக்டர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நம்பகமான பொடி இல்லை.

மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட் என்ற டைட்டானியத் தாதுவைப் பிரிக்கிறார்கள், கேரளத்துச் சவறையில் பெயின்டுக்கான டைட்டானியம் டை ஆக்ஸைடு வெள்ளையே தயாராகிறது, அப்புறம் எதற்கு இறக்குமதிப் பொடி என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. பெயின்டுக்கான வெள்ளையின் துகள் 200 நானோமீட்டருக்கு மேல் இருக்கும். வெயிலில் பெயின்ட் பொடிந்து உதிராமல் இருக்க, அதன்மேல் அலுமினாவும் சிலிக்காவும் பூசியிருப்பார்கள். நமக்கு வேண்டிய ஒளிவினையை அடக்குவதற்கென்றே போட்ட பூச்சு அது. அதனால் இந்த வேலைக்கு ஆகாது.

இனி குறைகள். அனடேஸின் பட்டை இடைவெளி, அதாவது எலக்ட்ரானைக் கிளப்ப வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், 3.2 எலக்ட்ரான் வோல்ட். 387 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியை மட்டும்தான் அது எடுத்துக்கொள்ளும். வெயிலில் புற ஊதா நூற்றுக்கு 4, 5 பங்குதான். 365 நானோமீட்டர் எல்.இ.டி. வைத்து நல்ல எண் வாங்கிவிட்டு, கட்டுரைத் தலைப்பில் 'சூரிய எரிபொருள்' என்று போடுவது சரியில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் பொடியில் ஒட்டியிருக்கும் கார்பன். 50 மில்லிகிராம் பொடியில் எடையில் 0.1 சதவீதம் கார்பன் அழுக்கு இருந்தால் அது 50 மைக்ரோகிராம், அதாவது சுமார் 4 மைக்ரோமோல். கிராமுக்கு மணிக்கு 1 மைக்ரோமோல் மீத்தேன் வந்தால், 8 மணி நேரத்தில் அதே 50 மில்லிகிராம் தருவது 0.4 மைக்ரோமோல். அழுக்கில் பத்தில் ஒரு பங்கு மீத்தேனாக மாறினாலே, வாயுக்களைப் பிரித்து அளக்கும் ஜிசி கருவியில் உங்கள் 'கண்டுபிடிப்பு' வந்துவிடும். முதல் நாள் நிறைய வந்து, இரண்டாம் நாள் பாதியாகி, அப்புறம் படுத்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் இதில் தனிக் கவனம் வேண்டும். ரப்பர் பாலை உறைய வைக்கப் பார்மிக் அமிலம் ஊற்றுகிறார்கள், ஷீட்டுக்குப் புகையும் போடுகிறார்கள். காற்றிலிருக்கும் பார்மிக், அசிட்டிக் அமிலங்களை டைட்டானியம் டை ஆக்ஸைடு மிக ஆர்வமாகப் பிடித்துக்கொள்ளும். பார்மிக் அமிலம் சிதைந்தால் வருவது கார்பன் மோனாக்ஸைடு. நீங்கள் தேடுகிற விளைபொருளும் அதுவே! ஆனி, ஆடிச் சாரலில் ஈரமும் சேர்ந்து எடையே மாறும். டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள்.

தயார் செய்யும் முறை இது. அலுமினா குரூசிபிளில் மெல்லப் பரப்பி, மஃபிள் பர்னஸில் காற்றோட்டத்தோடு 400 டிகிரியில் 3 மணி நேரம். 600ஐத் தாண்டினால் அனடேஸ் ரூட்டைலாக மாறத் தொடங்கும். டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலம்) ஆறவிட்டு அன்றே பயன்படுத்துங்கள். 50 மில்லிகிராமை 10 மில்லி வடிநீரில் 20 நிமிடம் சோனிகேட் செய்து (மீயொலியால் கலக்கி), கண்ணாடித் தகட்டில் ஊற்றி 110 டிகிரியில் உலர்த்தலாம். எத்தனாலில் கலக்கினால் சீக்கிரம் காயும் என்று ஆசைப்படாதீர்கள், அதுவும் கார்பன்தான். ரியாக்டர் மூட்டுகளில் கிரீஸ் தடவாதீர்கள், அதிலும் கார்பன் உண்டு. பொடி லிட்டருக்கு 130 கிராம் அளவுக்கே வரும் பஞ்சுப் பொடி, ஃபேன் காற்றில் பறக்கும். மூச்சில் போகாதபடி என்95 முகமூடி கட்டாயம்.

கார்பன் டை ஆக்ஸைடு விடுவதற்கு முன் ஆர்கானும் நீராவியும் மட்டும் விட்டு, விளக்கைப் போட்டு, வெளிவரும் வாயு ஜிசியில் அடங்கும்வரை ஓட்டுங்கள். அதன்பின் மூன்று ப்ளாங்க் (வெற்றுச் சோதனை): இருட்டில், பொடி இல்லாமல், கார்பன் டை ஆக்ஸைடு இல்லாமல். கடைசியாக, விளைபொருளின் கார்பன் நாம் விட்ட வாயுவிலிருந்துதான் வந்ததா என்று பார்க்க, கார்பன்-13 கொண்ட கார்பன் டை ஆக்ஸைடு. நிறைமாலைமானியில் கார்பன் மோனாக்ஸைடு வழக்கமான 28இல் அல்லாமல் நிறை 29இல் வரவேண்டும். காற்று கசிந்தால் நைட்ரஜனும் 29இல் கொஞ்சம் காட்டும், 28ஐயும் சேர்த்துப் பாருங்கள். ஆக்சிஜனையும் அளவிடுங்கள். ஒரு மீத்தேனுக்கு 8 எலக்ட்ரான், அதற்கு இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறு வரவேண்டும். வரவில்லை என்றால் துளைகள் (எலக்ட்ரான் கிளம்பிப் போன இடத்தில் மிஞ்சும் நேர் மின்னூட்டங்கள்) நீருக்குப் பதில் வேறு எதையோ எரிக்கின்றன. துளைகளுக்கு இரையாக ட்ரைஎத்தனாலமைன் என்ற கரிமப் பொருளைச் சேர்த்து எண்ணை உயர்த்துவதும் எங்களுக்கு உடன்பாடில்லை. மீத்தேனைவிட விலை கூடிய பொருளை அல்லவா அங்கே செலவழிக்கிறோம்?

எரிபொருள் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். 1 கிராம் பொடி மேற்சொன்ன மணிக்கு 1 மைக்ரோமோல் வேகத்தில் 1 கிராம் மீத்தேன் தர 62,500 மணி நேரம், இரவு பகலாக விளக்கு எரிந்தாலும் ஏழு ஆண்டுக்கு மேல்.

வாங்கும்போது சின்னப் பொட்டலமாக மறுகட்டு செய்து '25 நானோமீட்டர் டைட்டானியா' என்று விற்பதை எடுக்காதீர்கள். பெயரில் 25 இருப்பதால் துகள் 25 நானோமீட்டர் என்று அர்த்தமில்லை. பேட்ச் எண்ணும் சான்றிதழும் கேளுங்கள், எக்ஸ்ஆர்டி (படிக வடிவத்தைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) எடுத்து 25.3 (அனடேஸ்), 27.4 (ரூட்டைல்) டிகிரி முகடுகள் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.