தனியா வாசிக்கிறதா, வீடியோவா, ரிலேவா: குரூப் பியானோ கிளாஸ்ல எது சரி?

மலேசியாவுல சுங்கை சிப்புட் டவுன்ல ஒரு கடை மாடியில சனிக்கிழமை பியானோ கிளாஸ் எடுக்கிறேன், ஆறு டிஜிட்டல் பியானோ, ஆறு ஹெட்போன், பாதி பிள்ளைங்க சுத்தியிருக்கிற தோட்டத்துல இருந்து வர்றவங்க. சொல்லிக் குடுக்கிறது கூட சுலபம், எவன் என்ன கத்துக்கிட்டான்னு கண்டுபிடிக்கிறதுதான் தலைவலி. மூணு வழி மாத்தி மாத்தி பாத்துட்டேன்.

பழைய வழி, ஒவ்வொருத்தரா கூப்பிட்டு வாசிக்க சொல்றது. ஏபிஆர்எஸ்எம்னு ஒரு பிரிட்டிஷ் இசைப் பரீட்சை போர்டு இருக்கு, அவங்க பிராக்டிக்கல் கிரேடு (நேர்ல வாசிக்கிற பரீட்சை) மாதிரியே வெச்சுக்கலாம்: மூணு பாட்டுக்கு தலா 30, மீதி ஸ்கேல் (சுர வரிசை), சைட் ரீடிங் (முன்ன பாக்காத நோட்ட பாத்து வாசிக்கிறது), ஆரல் (காதால கேட்டு பதில் சொல்றது), மொத்தம் 150ல 100 எடுத்தா பாஸ். அம்மா அப்பாவுக்கு நம்பர் சொன்னாதான் புரியும், அதுக்கு இது நல்லது. விரல் எங்க தப்பா போகுதுன்னும் கிட்ட நின்னு பாக்கலாம். ஆனா ஆளுக்கு அஞ்சு நிமிஷம்னா அரை மணி நேரம் காலி, அதுக்குள்ள மத்தவன் ஹெட்போன மாட்டிக்கிட்டு டிரம் சவுண்ட தட்டிக்கிட்டு இருப்பான். எங்கிட்ட ஒரு பொண்ணு, தனியா வாசிச்சா தேன், அஞ்சு பேர் பாக்குறாங்கன்னா விரல் வேர்த்து கறுப்புக் கட்டையில வழுக்கும், பாவம்.

வாட்சாப் வீடியோல அந்த பயம் இல்ல. ஏபிஆர்எஸ்எம்மே 2020ல பெர்பார்மன்ஸ் கிரேடுன்னு வீடியோல கொண்டு வந்துட்டாங்க, நாலு பாட்டையும் நடுவுல நிறுத்தாம ஒரே மூச்சுல வாசிச்சு அனுப்பணும். அந்த ரூல்ஸ நானும் வெச்சேன். ஆனா ஒரே மூச்சுன்னாலும் எத்தனாவது மூச்சுன்னு யாருக்கு தெரியும் லா? வீட்டுல 61 கட்டை கீபோர்டுதான், அழுத்தினாலும் தடவினாலும் ஒரே சத்தம், மெதுவா பலமா வாசிக்கிறத எதை வெச்சு மார்க் போடுறது? அதோட ஒருத்தன் அப்பா மில்லுல நைட் ஷிப்ட், பகல்ல தூங்குவாரு, அவன் வீடியோ எப்பவும் சத்தமே இல்லாம வரும்.

மூணாவதுதான் ரிலே. ஹெட்போன கழட்டிட்டு, 24 பார் (தாளக் கட்டம்) பாட்ட ஆளுக்கு நாலு பாரா பிரிச்சு, ஒருத்தன் முடிக்கிற இடத்துல அடுத்தவன் தாளம் விடாம எடுக்கணும். மத்தவங்க கண்ண மூடிக்கணும், கையில ஆளுக்கு கொஞ்சம் ரப்பர் கொட்டை, தாளம் தடுக்குனா ஒண்ண மெதுவா மடியில வெச்சுக்கணும். கண்ண மூடாட்டி கூட்டாளிய பாத்துத்தான் வெப்பாங்க. முதல் நாள் எனக்கே ஆச்சரியம், வீடியோல முழு மார்க் வாங்குறவன் தன் முறைக்கு அரை பார் லேட்டா நுழையிறான், ஏன்னா அவன் மத்தவங்க வாசிக்கிறத கேக்கவே இல்ல, தன்னோட நாலு பார எண்ணிக்கிட்டு இருந்திருக்கான். நான் எண்ணுன தடுமாற்றம் மூணு, எட்டு வயசு வாண்டு மடியில நாலு கொட்டை. திரும்ப வாசிக்க வெச்சு கேட்டேன், அவன் சரி.

ரிலேல குறை இல்லாம இல்ல, நாலு பார்ல ஸ்கேலும் விரல் நம்பரும் பிடிபடாது, வேகமா போறவன் மத்தவனையும் இழுத்துக்கிட்டு ஓடுவான். அதனால இப்போ மாசம் ரெண்டு ரிலே, டேர்முக்கு ஒரு தடவை தனி வாசிப்பு, அதுவும் கதவ சாத்திட்டு. வீடியோ வீட்டுப் பயிற்சிக்கு மட்டும், மார்க் கிடையாது.

போன வாரம் ஒரு அம்மா, “மார்க் எவ்ளோ டீச்சர்?”னு கேட்டாங்க. “மூணு கொட்டைங்க, போன மாசம் ஏழு”ன்னு அவங்க பொண்ணே முந்திக்கிட்டு சொல்லிட்டா.