பலாலியிலிருந்து சென்னை, திருச்சி: வன்னிப் பயணிக்கு எங்கே நேரம் மிச்சம்?

யாழ்ப்பாண விமான நிலையமான பலாலியிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். கொழும்புக்குக் கிட்டவுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சென்னை 645. தூரம் பாதியளவு குறைந்தும் பறக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அட்டவணையில் இரண்டுமே ஒன்றேகால் மணிக்கும் ஒன்றரை மணிக்கும் இடையில்தான். பலாலிக்கு வருவது ஏரிஆர் 72 என்ற விசிறி விமானம், மணிக்குச் சுமார் 500 கிலோமீற்றர் வேகம். கட்டுநாயக்கவில் ஏறுவது ஜெட், 800க்கு மேலே போகும்.

திருச்சி இன்னும் கிட்ட, 185 கிலோமீற்றர் அளவுதான். ஆனாலும் ஒரு மணிநேரம் என்று போட்டிருக்கும். நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கி, அங்கே போய் நிற்கும்வரை எண்ணுவதுதான் அட்டவணை நேரம். ஓடுபாதைக்கு ஊர்வதும் மேலே ஏறி இறங்குவதும் அதற்குள் அடக்கம்.

வன்னி ஆட்களுக்கு மிச்சமாவது தரைவழியில். கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்க 300 கிலோமீற்றர் அளவில், இரவு முழுக்க வான் வண்டியில் இருக்க வேண்டும். பலாலிக்கு 70 சொச்சம். இரண்டு மணிநேரம் போதும். ஏ9 வீதியில் மீசாலைக்கு வந்து வலப்பக்கம் திரும்பி, புத்தூர், அச்சுவேலி வழியாகப் போனால் யாழ் நகர நெரிசலே இல்லை. முல்லைத்தீவு ஆட்கள் பரந்தனில் ஏ9ஐப் பிடிக்கலாம். மன்னார், முழங்காவில், பூநகரிக்காரருக்கு சங்குப்பிட்டிப் பாலம் இருக்கிறது. வவுனியாவிலிருந்து என்றால் மிச்சம் குறைவு. டிக்கெட் விலை கூடுதலாக இருந்தால் கட்டுநாயக்கவே நல்லது.

வேலூர், சென்னை ஆஸ்பத்திரிகளுக்குப் போவோர் சென்னையை எடுக்க வேண்டும். மதுரை, தஞ்சாவூர், வேளாங்கண்ணிக்குத் திருச்சிதான் சரி. இன்டிகோ 2025 மார்ச் 30இல் தொடங்கிய அந்தச் சேவை, சென்னையில் இறங்கிப் போகும் ஒரு பகல் நேர பஸ் ஓட்டத்தை மிச்சம் பிடித்துத் தருகிறது. இந்திய இ-விசா இரண்டு நிலையங்களிலும் செல்லும்.

விமானம் சிறியது. ஒரு பக்கத்துக்கு இரண்டு இருக்கை, ஏறுவது பின்கதவால். தலைக்கு மேலுள்ள தட்டில் பெரிய ட்ரொலிப் பை கொள்ளாது. படியடியில் வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். கடவுச்சீட்டு, மருந்து, ரிப்போட், காசு எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரு சின்னப் பையில் பிரித்து வையுங்கள். விசிறிகள் முன்பாதிக்கு நேரே சுழல்வதால் இரைச்சல் அங்கேதான் கூட. வயதானவர்களுக்குப் பின்வரிசை கேளுங்கள்.

பெரிய குறை, ஓட்டங்கள் கொஞ்சம் என்பது. ஒன்று ரத்தானால் அன்றைக்கே வேறொன்று கிடைப்பது அரிது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது சும்மா பயமில்லை. 2024 நவம்பர் 30இல் ஃபெங்கல் புயலால் சென்னை விமான நிலையமே மணிக்கணக்காக மூடிக் கிடந்தது. அந்த மாதங்களில் டொக்டரைப் பார்க்கும் நாளுக்கு ஒரு நாளாவது முன்பே போய்ச் சேருங்கள். சென்னையில் மாறி வேறு நாடு போகிறவர்கள் இரண்டையும் ஒரே டிக்கெட்டில் போடுவது நல்லது. தனித்தனி என்றால் பொதியை வெளியே வந்து எடுத்துத் திரும்பப் போட வேண்டிவரும்; அதற்கு இந்திய விசா வேண்டும்.

மார்ச் கடைசியிலும் ஒக்டோபர் கடைசியிலும் விமான நேரங்கள் மாறும். அந்த நாட்களையொட்டிப் போகிறவர்கள் நேரத்தை மறுபடி பார்த்துவிட்டு வான்காரருக்குச் சொல்லுங்கள்.